பத்தாவது கல்

காலை பத்தே முக்காலுக்குக் குழந்தைசாமி தொப்பியை எடுப்பதற்காக மணல் தோட்டத்தில் இறங்கினார். அதற்குப் பிறகு அவர் திரும்பி வருவதற்கு விதியில் இடம் இல்லை.

இது நடந்தது க்யோட்டோவில், ஆகஸ்ட் மாதத்தில், ஒரு பழைய கோயிலில். அந்தக் கோயிலில் சாமி எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் பார்க்க வந்தது பின்புறத் தோட்டத்தை. தோட்டம் என்றால் செடி கொடி கிடையாது. ஒரு கல்யாண மண்டபத்தின் அளவுக்கு வெள்ளைப் பொடிக்கல்லைப் பரப்பி, மரச் சீப்பால் கோடு கோடாக வாரி வைத்திருந்தார்கள். நடுவே அங்கங்கே ஒன்பது கற்கள். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, தோட்டத்தை ஒட்டிய மரத்தளத்தில் வரிசையாக உட்கார்ந்து கற்களைப் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் எழுந்து போகலாம்.

குழந்தைசாமிக்கு ஐம்பத்து மூன்று வயது. கோபிசெட்டிபாளையத்தில் மின்வாரிய லைன் இன்ஸ்பெக்டர். அவருடைய மனைவி சாந்தாமணி அதே ஊரில் தபால் நிலையத்தில் கவுன்டரில் உட்காருகிறவள். ஈரோட்டிலிருந்து கிளம்பிய பதினான்கு பேர் கொண்ட சுற்றுலாக் குழுவில் இருவரும் சேர்ந்து வந்திருந்தார்கள். அன்றைக்கு வெயில் நாற்பத்தொன்று. மரத்துக்கு மரம் சில்வண்டுகள் ட்ரான்ஸ்ஃபார்மர் போல இரைந்துகொண்டிருந்தன.

தொப்பி பறக்கும்படி காற்று எதுவும் அடிக்கவில்லை. அது தானாகக் கழன்று, நான்கு எட்டு தூரத்தில் போய் விழுந்தது. குழந்தைசாமி காலுறையோடு இறங்கி நான்கு எட்டு வைத்தார். குனிந்து எடுத்தார். நிமிர்ந்தார்.

அதற்குள் நீலச் சட்டை போட்ட ஒரு கிழவர் பக்கவாட்டிலிருந்து வந்தார். கையில் நீளக் காம்பு வைத்த மரச் சீப்பு. குழந்தைசாமிக்குப் பின்னால் இருந்த நான்கு காலடிகளையும் நிதானமாக வாரி அழித்தார். அவரைச் சுற்றி வட்டமாக ஏழு கோடு போட்டார். கோடுகளைச் சரிபார்த்தார். வந்த வழியே போய்விட்டார்.

வழிகாட்டி நொசாகி மஞ்சள் கொடியோடு வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு நல்ல தமிழ் தெரியும். எங்கே கற்றாள் என்று யாரும் விசாரிக்கவில்லை.

“அவர் போன தடம் இல்லை,” என்றாள். “போகாதவர் எப்படித் திரும்புவார்?”

சாந்தாமணி அவளைப் பொருட்படுத்தவில்லை. கணவரைப் பார்த்து, சும்மா எட்டு வைத்து வந்துவிடச் சொன்னாள். குழந்தைசாமி ஒரு காலைத் தூக்கினார். கோட்டைப் பார்த்தார். அதே இடத்தில் காலை வைத்துக்கொண்டார்.

“கொஞ்சம் இரு சாந்தா,” என்றார். “ஏதோ முறை இருக்குமாட்ட இருக்குது.”

குழந்தைசாமி முப்பது வருஷத்தில் யாருடைய முறைக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பைக்கை நிறுத்துவார். பாஸ்போர்ட் ஆபீசில் வரிசைக்கு முன்னால் போய் நிற்பார். அப்படிப்பட்டவர் சொன்ன பேச்சைக் கேட்டு நின்றதுதான் சாந்தாமணியை முதலில் பயமுறுத்தியது.

அவள் அலுவலகத்தைத் தேடிப் போனாள். நீண்ட மரத் தாழ்வாரத்தின் கடைசியில் அலுவலகம். போகும்போது முப்பது எட்டு என்று எண்ணிக்கொண்டாள். மிதித்த பலகையெல்லாம் குருவி போலக் கீச்சிட்டது. யாரும் ஓசைப்படாமல் வந்துவிடக் கூடாது என்பதற்காக அந்தக் காலத்திலேயே அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள் என்று நொசாகி காலையில் சொல்லியிருந்தாள்.

கவுன்டரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். ரயில் நிலைய அறிவிப்பைப் போலத் தமிழ் பேசினாள். பக்கத்தில் ஒரு மேசை விசிறி. அது அவள் பக்கம் திரும்பும்போது சுற்றியது. வந்தவர் பக்கம் திரும்பும்போது நின்றுகொண்டது.

தன் கணவர் தோட்டத்தில் நிற்கிறார் என்று சாந்தாமணி சொன்னாள். அந்தப் பெண் ஒரு பதிவேட்டைப் புரட்டினாள்.

“தோட்டத்தில் பத்துக் கற்கள் உள்ளன,” என்றாள்.

ஒன்பதுதான், நானே எண்ணினேன் என்றாள் சாந்தாமணி. அந்தப் பெண் மறுத்துப் பேசவில்லை. கோயிலின் விளக்கத் தாள் ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினாள். அதில் தோட்டத்தின் படம் இருந்தது. பனிக்காலத்தில் எடுத்தது. ஒன்பது கற்களின் தலையிலும் பனி மூடியிருந்தது. இடது ஓரத்தில் குழந்தைசாமி நின்றுகொண்டிருந்தார். போன தீபாவளிக்கு அவள் எடுத்துக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை. தோளிலும் தலையிலும் அரை அடிப் பனி.

குழந்தைசாமி பனியைப் பார்த்ததே இல்லை. ஊட்டிக்குக் கூட அவர் வெயில் காலத்தில்தான் போயிருக்கிறார்.

சாந்தாமணி தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். திரும்பி நடந்தாள். இந்த முறை தாழ்வாரம் எண்பது எட்டு இருந்தது.

மரத்தளத்தில் கூட்டம் சேர்ந்திருந்தது. யாரும் குழந்தைசாமியைச் சுட்டிக்காட்டவில்லை. யாரும் சிரிக்கவில்லை. கற்களைப் பார்ப்பது போலவே அவரையும் பார்த்தார்கள். ஒரு வயதான தம்பதி அவரைப் பார்த்து லேசாகத் தலை குனிந்துவிட்டு எழுந்து போனார்கள். அவருடைய சட்டையின் கட்டங்கள் மங்கியிருந்தன. நீலம் எங்கே முடிந்து சாம்பல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை.

அவர்கள் குழுவில் பவானியிலிருந்து வந்த மருந்துக்கடை அர்த்தநாரி படம் எடுத்துக்கொண்டிருந்தார். நேற்றிரவு குழந்தைசாமியோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்.

“எடத்துக்குப் பொருந்தி இருக்காருங்க,” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “அவர எடுத்துட்டா அங்க வெறுமையாத் தெரியும்.”

சாந்தாமணி கணவரைப் பேர் சொல்லாமல் கூப்பிட்டாள். ஏனுங்க, என்றாள். அவர் தலையைத் திருப்பினார். திருப்பி முடிக்க வெகுநேரம் ஆனது. கழுத்து திரும்பிய பிறகு கண் திரும்பியது. மணி என்ன என்று கேட்டார். சுவர்க் கடிகாரம் பதினொன்று நாற்பது காட்டியது. அவள் சொன்னாள். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். வியர்த்துக் கொட்டுகிற மனிதர் அவர். நெற்றியில் ஒரு துளி கூட இல்லை.

அவள் மறுபடி அலுவலகத்துக்குப் போனாள். இப்போது எண்ணவில்லை. எண்ணப் பயமாக இருந்தது. ஒருபக்கச் சுவரில் இருந்த ஓவியத்துக் கொக்குகள் முதலில் நின்றன, பிறகு உட்கார்ந்தன, பிறகு தூங்கின. அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது. அலுவலகத்திலும் கடிகாரம் பதினொன்று நாற்பதில்தான் இருந்தது. கடிகாரம் ஓடவில்லையா என்று கேட்டாள்.

“ஓடுகிறது,” என்றாள் கவுன்டர் பெண். “சுற்றுலாப் பயணிகள் நன்றாகப் பார்ப்பதற்காக ஆகஸ்ட் மாதத்தில் நடுப்பகல் நீட்டிக்கப்பட்டுள்ளது.”

எவ்வளவு நேரம் என்று சாந்தாமணி கேட்டாள். பார்த்து முடியும் வரை என்று பதில் வந்தது.

பிறகு அந்தப் பெண் இரண்டு விண்ணப்பங்களை எடுத்து வைத்தாள். ஒன்று வெள்ளை. ஒன்று சாம்பல் நிறம். வெள்ளை, மனிதர்களுக்கு. தோட்டத்தில் இருக்கும் மனிதர் தானே நடந்து வந்து, இந்தக் கவுன்டரில் கையெழுத்துப் போட்டால், அவர் போகலாம். சாம்பல், கற்களுக்கு. கல்லுக்கு உரியவர் எழுதிக் கொடுத்தால் போதும். ஆட்கள் வந்து தூக்கிக் கொடுப்பார்கள்.

“மனுசந்தானுங்க அவரு,” என்றாள் சாந்தாமணி.

“அப்படியானால் வெள்ளை.”

“அவரால வர முடியல.”

“அப்படியானால் சாம்பல்.”

சாந்தாமணிக்கு இந்தக் குரல் தெரியும். பத்தொன்பது வருஷமாக அவளே இந்தக் குரலில்தான் பேசி வருகிறாள். படுத்த படுக்கையாக இருக்கும் தகப்பனுக்காகப் பணம் எடுக்க வந்த பெண்களிடம், அவர் நேரில் வர வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அவர்கள் கெஞ்சும்போது இதே மாதிரி முகத்தில் ஒன்றும் காட்டாமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறாள். ஆகவே இங்கே கெஞ்சிப் பயனில்லை என்பது அவளுக்கு மற்ற யாரையும்விட நன்றாகத் தெரிந்தது.

வெள்ளைத் தாளை நிரப்பினாள். கையெழுத்து இடம் மட்டும் காலி. கவுன்டருக்கு அவர் வர முடியாவிட்டாலும், தோட்டத்திலேயே ஒரு கையெழுத்து வாங்கி வந்தால் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டாள். அந்தப் பெண் யோசித்தாள். விசிறி இருபுறமும் நின்றது. சரி, ஒரு விதிவிலக்காக என்றாள். ஆனால் அவர் கை நீட்டித் தாளைத் தானே வாங்க வேண்டும்.

சாந்தாமணி ஓடினாள். காலுறை வழுக்கியது. பலகைகள் அவள் மிதித்த இடமெல்லாம் கீச்சிட்டன. கொஞ்ச தூரம் போன பிறகு அது குருவிச் சத்தமாக இல்லை. ‘சாந்தா’ என்றது ஒரு பலகை. ‘சாந்தா’ என்றது அடுத்தது. குழந்தைசாமியின் குரலேதான். காலையில் சட்டைப் பொத்தான் தேடும்போது கூப்பிடுகிற குரல். அவள் நின்று காது கொடுத்தாள். நின்றதும் சத்தம் நின்றுவிட்டது. நடந்தால்தான் அவர் கூப்பிட்டார். கேட்க நின்றால் கூப்பிடவில்லை. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடினாள். உள்ளங்கால் வழியாகவும் அது கேட்டது.

அவள் வந்து சேர்ந்தபோது மரத்தளத்தில் உட்கார இடமில்லை. குழந்தைசாமியின் கணுக்காலில் பச்சையாக ஏதோ படர்ந்திருந்தது. பாசி. கையிலிருந்த தொப்பியைக் காணவில்லை. விரல்கள் மட்டும் தொப்பியைப் பிடித்த வாக்கிலேயே வளைந்திருந்தன.

அங்கே சத்தம் போடக் கூடாது என்று எழுதி வைத்திருந்தது. அவள் முதல் வரிசையில் முட்டிபோட்டு, தாளையும் பேனாவையும் நீட்டிக் கத்தினாள்.

“ஏனுங்க, ஒரே ஒரு கையெழுத்து. நாலு எட்டுத்தானுங்க. வாங்க.”

குழந்தைசாமியின் முகத்தில் எதுவும் அசையவில்லை. குரல் மட்டும் வந்தது. உடம்பின் வேறு எங்கிருந்தோ வருவது போல.

“இங்க காத்து நல்லா வருது, சாந்தா.”

காற்றே இல்லை. நொசாகியின் மஞ்சள் கொடி ஈரத் துணி போலத் தொங்கிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் காகித விசிறியால் வீசிக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்துகூடக் காற்று வரவில்லை.

நான்கு எட்டு. தானே போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம். சாந்தாமணி ஒரு காலைக் கீழே வைத்தாள். நாற்பத்தொரு டிகிரி வெயிலில் கிடந்த பொடிக்கல் கொதிக்கும் என்று நினைத்தாள். கொதிக்கவில்லை. குளிர்ந்திருந்தது. அவ்வளவு சுகமாகக் குளிர்ந்திருந்தது. பாதம் தானாக அழுந்தியது. அடுத்த காலும் வரத் துடித்தது.

நீலச் சட்டைக் கிழவர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அவளுக்குப் பக்கத்தில் சீப்பை உயர்த்திப் பிடித்து, அவசரப்படுத்தாமல், மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தார்.

சாந்தாமணி காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

இருவருமே உள்ளே நின்றுவிட்டால் அலுவலகத்துக்கு யார் போவது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அது நியாயம்தான். ஆனால் அவள் காலை இழுத்தது அதற்காக அல்ல. அந்த நேரத்தில் அவள் கணவரை நினைக்கவில்லை. தன்னை நினைத்தாள். அது அவளுக்குத் தெரிந்தது.

நொசாகி ஆட்களை எண்ண ஆரம்பித்திருந்தாள். பஸ் கிளம்பப் பத்து நிமிடம். அடுத்தது மூங்கில் தோப்பு. பதின்மூன்று என்று எண்ணி முடித்தாள். பதினான்கு பேர் வந்தோம் என்றாள் சாந்தாமணி. நொசாகி தன் தாளைக் காட்டினாள். தாளில் பதின்மூன்று பேர்தான் இருந்தது. சாந்தாமணியின் பெயருக்கு எதிரே, தனியாக வந்தவர் என்று எழுதியிருந்தது.

மூன்றாவது முறை தாழ்வாரம் எவ்வளவு நீளம் இருந்தது என்று அவளுக்கு நினைவில்லை. வழியில் ஒரு இடத்தில் உட்கார்ந்து அழுதாள் என்பது மட்டும் நினைவிருந்தது. அழுது முடித்துத் தலை நிமிர்ந்தபோது கவுன்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.

“சாம்பல்,” என்றாள்.

கவுன்டர் பெண் தாளைக் கொடுத்தாள். கறுப்பு மையில், அழுத்தமாக, அடித்தல் இல்லாமல் எழுதச் சொன்னாள். அடித்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும்.

முதல் கேள்வி, பொருள். சாந்தாமணி அதைக் கடைசியில் எழுதலாம் என்று விட்டுவிட்டு மற்றவற்றை நிரப்பினாள். எடை எண்பத்திரண்டு கிலோ. நிறம் மாநிறம். கிடைத்த இடம் கோபிசெட்டிபாளையம். முதலில் கண்டவர் என்று கேட்டிருந்தது. நான் என்று எழுதினாள். கண்ட நாள், ஒரு தை மாதம், ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம். அன்றைக்கு அவர் பெண் பார்க்க வந்து, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கூடத்து ஃபேனைக் கழற்றி ரிப்பேர் செய்துவிட்டுப் போனார். அதை எழுத இடமில்லை. குறைகள் என்ற கட்டத்தில், வலது முழங்கால் வலி என்று எழுதினாள். கல்லுக்கு வலி இருக்காதே என்று கவுன்டர் பெண் மென்மையாகச் சொன்னாள். சாந்தாமணி அதை அடித்துவிட்டு, இல்லை என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தாள்.

பிறகு முதல் கேள்விக்கு வந்தாள்.

எழுதிக் கொடுத்தால் எழுதினதுதான். அது அவளுக்குத் தெரியும். உயிரோடு இருந்த ஒருவர் தாளில் இறந்தவராகி, அதைத் திருத்த ஆறு வருஷம் அலைந்ததை அவள் கவுன்டரில் இருந்தபடியே பார்த்திருக்கிறாள். பேனாவைத் தாளில் வைத்தாள். எடுத்தாள். மூடிய கதவுக்கு அப்பால் பஸ் ஹாரன் அடித்தது. இங்கே விட்டுவிட்டுப் போவதா, எழுதிக் கொடுத்துக் கொண்டு போவதா. மூன்றாவதாக ஒன்று இருக்கிறதா என்று தாளின் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

கல் என்று எழுதினாள். அழகாக, அழுத்தமாக விழுந்தது.

கவுன்டர் பெண் சிவப்பு முத்திரையைக் குத்தினாள். எழுந்து நின்று குனிந்து வணங்கினாள். விசிறி முதல் முறையாகச் சாந்தாமணியின் பக்கம் சுற்றியது.

திரும்பி வரும்போது தாழ்வாரம் முப்பது எட்டுதான் இருந்தது. பலகைகள் எதுவும் சொல்லவில்லை.

நான்கு பேர் மூங்கில் கழியும் கயிறும் வைக்கோல் பாயுமாக வந்தார்கள். கோடு கலையாமல் பலகை போட்டு நடந்தார்கள். குழந்தைசாமியைப் பாயால் சுற்றி, இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டு, சாய்த்துத் தூக்கினார்கள். எண்பத்திரண்டு கிலோவைவிடக் கனமாக இருந்திருக்க வேண்டும். நான்கு பேரின் கழுத்து நரம்பும் புடைத்தது. தலைப் பக்கம் படியில் இடிக்கப் பார்த்தது. சாந்தாமணி பாய்ந்து உள்ளங்கையைக் குறுக்கே கொடுத்தாள். விரல் நசுங்கியது. மரத்தளத்தில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். யாரோ ஒருவர் ச்சு என்று வருத்தப்பட்டார். அர்த்தநாரி கேமராவை மூடிக்கொண்டார்.

பஸ்ஸில் அவரை ஜன்னலோரம் வைத்து, பாயைப் பிரித்துவிட்டுப் போனார்கள். எப்படி மடங்கினாரோ, உட்கார்ந்திருந்தார். முகம் அவர் முகம்தான். மீசையில் இடது பக்கம் நரைத்த அந்த நான்கு முடியும் இருந்தன. மணிக்கட்டில் சிவப்பு முத்திரை குத்திய அட்டை கட்டியிருந்தது. நொசாகி தலைகளை எண்ணினாள். பதின்மூன்று, சரி என்றாள். அர்த்தநாரி தன் பையை வைக்க இடம் தேடி, அதைக் குழந்தைசாமியின் மடியில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துவிட்டார்.

பஸ் கிளம்பியது. ஏசி குளிர்ந்தது. சாந்தாமணி கணவரின் கையைத் தொட்டாள். வெளியே இருந்த வெயில் முழுவதும் அந்தக் கைக்குள் இருந்தது. தொட முடியாத சூடு. எங்கும் வைத்துவிட்டு வரவில்லையே, கொண்டுவந்துவிட்டோமே என்று அவள் திரும்பத் திரும்பத் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் ஏதாவது செய்துகொள்ளலாம். டாக்டரிடம் காட்டலாம். முதலில் குடிக்கக் கொடுக்க வேண்டும்.

தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் உதட்டில் வைத்தாள். தண்ணீர் உள்ளே போகவில்லை. தாடையில் வழிந்து, கழுத்தில் இறங்கி, மார்பில் பரவியது. பட்ட இடமெல்லாம் கருத்தது. பிறகு ஓரத்திலிருந்து மெல்ல வெளுத்துக்கொண்டே வந்து, இருந்த இடம் தெரியாமல் காய்ந்தது. அவள் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். கருத்தது. காய்ந்தது. கருத்திருக்கும் நேரத்தில் மட்டும் அவர் கொஞ்சம் பழைய மாதிரி இருந்தார். நேற்று ஹோட்டலில் குளித்துவிட்டு வந்து நின்ற மாதிரி.

இரண்டாவது பாட்டில் பாதி தீர்ந்தபோது அவர் பேசினார். நேரே முன்சீட்டைப் பார்த்துக்கொண்டு.

“அங்க என்னன்னு எழுதிக் குடுத்த?”

சாந்தாமணியின் கை அப்படியே நின்றது. பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நொசாகி மைக்கில் மூங்கில் தோப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“உங்க பேரத்தானுங்க எழுதுனேன்,” என்றாள்.

அவர் கழுத்தில் இருந்த ஈரம் ஒரு கைக்குட்டை அளவுக்குச் சுருங்கியது. பிறகு ஒரு தபால் தலை அளவுக்கு. அவள் மீதித் தண்ணீரை அதன் மேல் ஊற்றிவிட்டு, இன்னொரு பாட்டில் கேட்டு முன்சீட்டுக்காரரின் தோளைத் தொட்டாள்.